உறைந்துபோன கண்ணீர்



ஐப்பசி அடைமழையோடு நவம்பர்த் திங்களும் பிறந்துவிட்டால், இப்பகுதிக்கு வந்து சேரும் மடல்களின் போக்கே மாறிவிடுகிறது. மற்ற மாதங்களில் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் குடும்பச் செபத்தைப் பற்றியும் வினவும் அன்பர்கள், இம்மாதத்தில் தம்மை விட்டுப் பிரிந்தவர்களைப் பற்றி எழுதுகின்றனர். இவ்வாண்டு வந்த மடல்களுள் ஒன்று பல நாட்களாக என் மேசைமீதே கிடக்கிறது. எழுதியவர் ஒரு தாய். அவருடைய மகன் சாலை விபத்தில் மாண்டுபோனார். குருவானவர் சென்று சேர்வதற்குள் உயிர் பிரிந்துவிட்டது. அவஸ்தைப்பூசுதல் இல்லை, பாவசங்கீர்த்தனம் செய்து ஆண்டுகள் பல ஆகியிருந்தன. சிறு வயதில் ஞானோபதேச வகுப்பிலே காட்டிய நரகப் படம் இப்போது இரவெல்லாம் தம் கண்முன் நிற்பதாக அத்தாய் எழுதியிருக்கிறார்.

இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று திருச்சபை ஒருவரைக்கூடப் பெயர் சொல்லி அறிவித்ததில்லை. ஆனால் கவிஞர் ஒருவர் அதற்குத் துணிந்தார். தம் ஊராரையும் உறவினரையும், தம் ஆசிரியரையும், பாப்பரசர் சிலரையுங்கூட அவர் நரகத்தில் கண்டதாகப் பாடினார். அவரே இத்தாலி நாட்டுப் பெருங்கவிஞர் தாந்தே. நரகத்தை இத்தனை நுணுக்கமாக விவரித்தவர் வேறெவரும் இலர். எனினும், அத்தாயின் கண்முன் நிற்கும் படத்துக்கும் தாந்தே காட்டும் நரகத்துக்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. அதைச் சொல்லவே இம்மாதம் எழுதுகோலை எடுத்தேன்.

தாந்தே 1265-இல் பிளாரன்சு நகரில் பிறந்தவர். நகராட்சியின் உயர்பதவி ஒன்றை 1300-இல் இரண்டு திங்கள் வகித்தார். கட்சிப் பூசலில் எதிரிகளின் கை ஓங்கவே, 1302-இல் நாடு கடத்தப்பட்டார். திரும்பி வந்து அகப்பட்டால் உயிரோடு எரிக்கப்படுவார் என்றும் தீர்ப்பாயிற்று. பிறந்த ஊரை அவர் மீண்டும் காணவே இல்லை. பிறர் வீட்டு உப்பை உண்டு, பிறர் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கி வாழ்ந்த அந்த ஆண்டுகளிலேதான் நரகம், உத்தரிக்கிற ஸ்தலம், மோட்சம் என மூன்று பாகங்களும் நூறு காண்டங்களும் கொண்ட தம் பெருங்காப்பியத்தைப் பாடினார். 1321-இல் ராவென்னா நகரில் இறந்தார். அவருடைய கல்லறையும் அங்கேயே உள்ளது.

தாந்தே பாடுவதற்கு முன்பே இத்தாலியக் கோவில்களின் சுவர்களில் நரகம் இருந்தது. அவர் குழந்தையாக ஞானஸ்நானம் பெற்ற ஸ்நாபக அருளப்பர் ஆலயத்தின் கூரையில், 13-ஆம் நூற்றாண்டில் வண்ணச் சில்லுகளைப் பதித்து உருவாக்கிய பொதுத் தீர்வைக் காட்சி இன்றும் இருக்கிறது. கொம்பு முளைத்த ஒரு கொடிய உருவம் மனிதனை விழுங்குகிறது. அதன் செவிகளிலிருந்து புறப்பட்ட பாம்புகளும் மனிதரைக் கவ்வுகின்றன. படிக்கத் தெரியாத மக்களுக்கு அதுவே ஞானோபதேசப் புத்தகம். சிறுவன் தாந்தேயும் அண்ணாந்து பார்த்திருப்பான்.

தாந்தேயின் காலத்தவரான ஜியோத்தோ என்னும் ஓவிய மேதை, நம் கோடி அற்புதர் புனித அந்தோணியாரின் பதுவா நகரில், 1305-இல் மந்திரிக்கப்பட்ட சிற்றாலயம் ஒன்றில் இதே காட்சியைத் தீட்டினார். அவ்வாலயத்தைக் கட்டியவர் என்ரீகோ ஸ்க்ரோவேனி என்னும் செல்வர். அவருடைய தந்தை பேர்போன வட்டிக்காரர். தந்தையின் பாவத்துக்குப் பரிகாரமாகவே மகன் ஆலயம் எழுப்பினார் என்று நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். ஓவியத்தில் அந்த மகன் மோட்சவாசிகளின் பக்கத்தில் முழந்தாளிட்டு, ஆலயத்தின் மாதிரியைத் தேவதாயிடம் ஒப்புக்கொடுக்கிறார். எதிர்ப்பக்கம் நரகம். அங்கே வட்டிக்காரர்கள் தங்கள் பணப்பையின் கயிற்றிலேயே தூக்கில் தொங்குகின்றனர்! தாந்தேயும் தம் நரகத்தில், கழுத்தில் பணப்பை தொங்க, கொதிக்கும் மணலில் குந்தியிருக்கும் வட்டிக்காரருள் பதுவா நகரத்தார் ஒருவரைக் காண்கிறார். அவருடைய பையில் நீலநிறச் சினைப்பன்றியின் சின்னம் பொறித்திருக்கிறது. அது ஸ்க்ரோவேனி குடும்பத்தின் சின்னம். மகன் கட்டிய கோவிலைக் கவிஞர் கணக்கில் எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

ஜியோத்தோவின் அந்தச் சுவரில் வாசகர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. நடுவராக வீற்றிருக்கும் கிறிஸ்துநாதரின் ஒளிவட்டத்திலிருந்து நான்கு நெருப்பு ஆறுகள் புறப்பட்டுக் கீழே நரகத்தில் பாய்கின்றன. நரகத்தின் நெருப்பு எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்கு ஓவியர் அளித்த விடை அது. தாந்தே அளித்த விடை வேறு. அதற்குச் சற்றுப் பின்னர் வருவோம்.

காப்பியத்தின் கதை 1300-ஆம் ஆண்டின் பெரிய வெள்ளியை ஒட்டித் தொடங்குகிறது. அவ்வாண்டு, எட்டாம் போனிபாஸ் பாப்பரசர் அறிவித்த ஜூபிலி ஆண்டு; ஐரோப்பாவெங்குமிருந்து யாத்திரிகர்கள் உரோமைக்குத் திரண்ட ஆண்டு. தாந்தேயும் யாத்திரிகராகவே புறப்படுகிறார். நடுவயதில் இருண்ட காட்டில் வழி தவறிவிட்ட அவருக்கு, எதிரே ஒரு குன்றும் அதன் உச்சியில் கதிரவனின் ஒளியும் தெரிகின்றன. ஏற முயல்கிறார். சிறுத்தை, சிங்கம், பெண் ஓநாய் என மூன்று விலங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக வழிமறிக்கின்றன. காடு பாவம் என்றும், விலங்குகள் மனிதனை மறிக்கும் தீய நாட்டங்கள் என்றும் உரையாசிரியர்கள் விளக்குவர். நேரே மேலேற வழியில்லை. கீழே இறங்கித்தான் மேலே ஏற முடியும். இதுவே இக்காப்பியம் முழுவதையும் தாங்கி நிற்கும் குறிப்பொருள்.

வழிகாட்ட வருபவர் வர்ஜில். கிறிஸ்து பிறப்பதற்கு 19 ஆண்டுகளுக்கு முன் இறந்துபோன இலத்தீன் மகாகவி. (இவர் பிறந்தது மாந்துவா நகரின் அருகில். நம் தேம்பாவணி ஆசிரியர் வீரமாமுனிவர் பிறந்த காஸ்திலியோனே என்ற ஊரும் அதே மாந்துவா வட்டாரத்தைச் சேர்ந்ததுதான் என்பதை இங்கே சொல்லாமல் கடந்துபோக மனம் வரவில்லை.) வர்ஜிலை அனுப்பியது யார்? மேலுலகில் தேவதாய் முதலில் மனமிரங்கினார். புனித லூசியாளை அழைத்துச் சொன்னார். நாம் கண்ணோய்க்கு வேண்டிக்கொள்ளும் அதே லூசியாள்தான். லூசியாள் சென்று பெயாத்ரிசேயிடம் சொன்னார். பெயாத்ரிசே, தாந்தே இளமையில் நேசித்து, இருபத்தைந்து வயது நிறையும் முன்பே மரணத்துக்குப் பறிகொடுத்த நங்கை. அவர் லிம்போவுக்கு இறங்கி வந்து வர்ஜிலை வேண்டினார். வேண்டிவிட்டுத் திரும்பும்போது அவருடைய ஒளி வீசும் கண்களில் நீர் நிறைந்திருந்ததாம். கண்ணீரைக் கண்டு வர்ஜில் இன்னும் விரைந்தார்.

ஆகவே நரக யாத்திரையைத் தொடங்கிவைத்தது ஒரு மோட்சவாசியின் கண்ணீர். இந்த ஓரிழையைப் பற்றிக்கொண்டு கீழே இறங்கினால், முப்பத்துநான்கு காண்டங்களும் நமக்கு வேறு விதமாகத் தெரிகின்றன.

வாயிலைக் கடந்ததும், இருளில் எழும் ஓலத்தைக் கேட்டுத் தாந்தே அழுதுவிடுகிறார். அவ்வாயிலில், அதைச் சமைத்தவர்களுள் ஆதி அன்பும் ஒருவர் என்று எழுதியிருக்கிறது. நரகத்தின் வாசலில் அன்பு என்ற சொல்லைப் பொறிக்கத் தாந்தேக்கு எத்தனை விசுவாசம் வேண்டியிருந்திருக்கும்! உள்ளே முதலில் தென்படுபவர்கள், நன்மைக்கும் தீமைக்கும் சேராமல் தந்நலம் ஒன்றையே பார்த்து வாழ்ந்தவர்கள். குளவிகள் கொட்ட, அவர்களுடைய முகத்துக் குருதி கண்ணீரோடு கலந்து காலடியில் சொட்டுகிறது; புழுக்கள் அதைப் பருகுகின்றன. யாருக்காகவும் சிந்தாத கண்ணீர் புழுவுக்கு உணவாயிற்று. அடுத்தது லிம்போ. ஞானஸ்நானம் பெறாத நல்லோர் வாழும் அவ்விடத்தில் அழுகை இல்லை. பெருமூச்சு மட்டுமே உண்டு. வர்ஜிலும் அவ்விடத்துக்கு உரியவர்.

அதற்கும் கீழே, காமத்துக்கு அடிமையானவர்களைப் புயல் சுழற்றும் இடத்தில் பிரான்செஸ்கா என்னும் பெண்ணைத் தாந்தே சந்திக்கிறார். கணவனின் தம்பியான பவோலோவுடன் காதற்கதை ஒன்றைப் படித்துக்கொண்டிருந்தபோது இருவரும் வீழ்ந்தனர். கணவனின் கையால் இருவரும் மாண்டனர். அவள் பேசுகிறாள், பவோலோ அருகில் அழுகிறான், தாந்தேயும் அழுது மயங்கி விழுகிறார். இதைப் படித்து உருகாதவர் குறைவு. ஆனால் அவளுடைய பேச்சைக் கூர்ந்து கேட்டால், காதலைக் குறை சொல்கிறாள், புத்தகத்தைக் குறை சொல்கிறாள், கணவனைக் குறை சொல்கிறாள். தன்னை மட்டும் சொல்லவில்லை. அழுகிறாள், வருந்தவில்லை. யாத்திரிகர் இன்னும் பாடம் படிக்கத் தொடங்காதவர் ஆதலால் மயங்கி விழுந்தார் என்றே கொள்ளவேண்டும். இன்னொரு செய்தி: கடைசிக் காலத்தில் தாந்தேக்கு ராவென்னாவில் புகலிடம் தந்த பிரபு, இந்தப் பிரான்செஸ்காவின் சகோதரன் மகன்.

சேற்றாற்றைக் கடக்கையில் பிலிப்போ அர்ஜெந்தி என்னும் பிளாரன்சுக்காரன் படகைப் பற்றுகிறான். யார் நீ என்று கேட்டதற்கு, அழுகிறவன் என்று மட்டும் சொல்கிறான். இம்முறை தாந்தே இரங்கவில்லை. அழுதுகொண்டே கிட என்று சபிக்கிறார். வர்ஜில் அவரைத் தழுவிப் பாராட்டுகிறார். கண்ணீருக்கும் கண்ணீருக்கும் வேறுபாடு காண யாத்திரிகர் கற்கத் தொடங்கிவிட்டாராம். சொந்த ஊர்ப் பகை அங்கே சற்றும் கலக்கவில்லை என்று என்னால் நம்ப முடியவில்லை.

இனி, நரகத்து ஆறுகளுக்கு வருவோம். பதினான்காம் காண்டத்தில் வர்ஜில் அவற்றின் பிறப்பைச் சொல்கிறார். கிரேத்துத் தீவின் மலைக்குள்ளே ஒரு முதியவரின் பேருருவச் சிலை நிற்கிறது. தலை பொன், மார்பும் கரங்களும் வெள்ளி, அதன் கீழ் வெண்கலம், கால்கள் இரும்பு, வலப்பாதம் மட்டும் சுட்ட மண். தானியேல் ஆகமத்தில் நெபுகத்னேசர் மன்னன் கண்ட கனவை வாசகர் நினைவுகூர்வர். பொற்காலம் முதல் படிப்படியாகச் சீரழிந்த மனுக்குலத்தின் வடிவம் அது. பொன் தலையைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் வெடித்திருக்கின்றன. அவ்வெடிப்புகளிலிருந்து கண்ணீர் கசிகிறது. அக்கண்ணீர் திரண்டு, பாறையைத் துளைத்து, பாதாளத்தில் ஆறாக இறங்குகிறது. ஆன்மாக்கள் படகேறிக் கடக்கும் ஆறும், சினங்கொண்டோர் புரளும் சேறும், கொடியோர் வேகும் குருதியாறும், எல்லாவற்றுக்கும் அடியில் உள்ள ஏரியும் அந்த ஒரே நீர்தான்.

ஓவியரின் சுவரில் நடுவரின் இருக்கையிலிருந்து நெருப்பு இறங்கிற்று. கவிஞரின் பாட்டில் மனிதனின் வெடிப்பிலிருந்து கண்ணீர் இறங்குகிறது. இருவரும் ஒரே விசுவாசத்தார், ஒரே தலைமுறையினர். ஜியோத்தோ பொய் சொன்னார் என்று நான் கூறமாட்டேன், நீதி இறைவனுடையதே. ஆனால் அத்தாயின் கண்முன் நிற்பது ஜியோத்தோவின் ஆறு மட்டுமே ஆதலால், தாந்தேயின் ஆற்றையும் காட்டவேண்டுமென்று விரும்புகிறேன்.

இன்னும் கீழே, வருங்காலம் உரைப்போம் என்று மக்களை ஏய்த்த குறிசொல்வோர் முகம் முதுகுப்புறம் திரும்ப, பின்னோக்கியே நடக்கிறார்கள். அவர்களுடைய கண்ணீர் முதுகில் வழிகிறது. மனித உருவம் இப்படிக் கோணிவிட்டதைக் கண்டு தாந்தே பாறையில் சாய்ந்து அழுகிறார். வர்ஜில் கடுமையாகக் கடிந்துகொள்கிறார். இறைத்தீர்ப்பின் முன் இந்த இரக்கம் ஆகாது என்கிறார். வர்ஜில் சொல்வது சரியே. ஆயினும் தாந்தே அந்த அழுகையை நூலிலிருந்து நீக்கிவிடவில்லை.

திருச்சபையின் பொருளை விற்றவர்கள் தலைகீழாகக் குழியில் புதைந்து, உள்ளங்கால் எரியக் கிடக்கும் இடமும் அருகிலேதான். மூன்றாம் நிக்கோலாஸ் பாப்பரசர் அங்கிருந்து, அடுத்து வரவேண்டிய எட்டாம் போனிபாசை எதிர்பார்த்திருக்கிறார்! இதைப் படித்து இடறல்பட வேண்டா. இக்கவிஞரைத் திருச்சபையின் பிள்ளையாகப் போற்றி, பதினைந்தாம் பெனடிக்ட் 1921-இல் சுற்றுமடல் வரைந்தார். ஆறாம் சின்னப்பர் 1965-இல் திருமடல் ஒன்று எழுதியதோடு ராவென்னாக் கல்லறைக்குப் பொற்சிலுவையும் அனுப்பினார். கவிஞரின் 700-ஆம் நினைவாண்டான 2021-இல் திருத்தந்தை பிரான்சிசும் மடல் எழுதினார்.

இருபத்தேழாம் காண்டத்தில் ஒரு தீச்சுடர் பேசுகிறது. உள்ளே இருப்பவர் மொந்தெபெல்த்ரோ குவிதோ. போர்க்களத்தில் நரி என்று பெயரெடுத்தவர். முதுமையில் வாளை வைத்துவிட்டு, புனித பிரான்சிஸ்கு சபையின் கயிற்றை இடையில் கட்டிக்கொண்டு, 1298-இல் இறந்தார். அந்த மனமாற்றத்தைத் தாந்தேயே முன்னொரு நூலில் புகழ்ந்திருக்கிறார். இங்கோ கதை மாறுகிறது. பகைவரின் கோட்டையை வீழ்த்தப் போனிபாஸ் பாப்பரசர் தந்திரம் கேட்டாராம். குவிதோ தயங்கவே, செய்யப்போகும் பாவத்துக்கு முன்கூட்டியே மன்னிப்பு அளித்தாராம். குவிதோ தந்திரத்தைச் சொல்லிவிட்டார். இறந்தபோது புனித பிரான்சிஸ்குவே அவரை அழைத்துப்போக வந்தார். ஆனால் கரிய தூதன் ஒருவன் குறுக்கிட்டான். மனஸ்தாபப்படாதவனுக்கு மன்னிப்பு இல்லை. ஒரு பாவத்துக்காக மனஸ்தாபப்பட்டுக்கொண்டே அதைச் செய்ய விரும்புவது நடவாத காரியம் என்று தர்க்கம் பேசி, ஆளைக் கொண்டுபோய்விட்டான். அவரிடம் எல்லாம் இருந்தது: சபை உடுப்பு, பாப்பரசரின் சொல், புனிதரின் துணை. இல்லாதது ஒன்றுதான்.

இவருக்கு ஒரு மகன் உண்டு. அவரைப் பின்னர் காண்போம்.

நரகத்தின் அடித்தளம் நெருப்பன்று, பனிக்கட்டி. கண்ணீராறுகள் எல்லாம் வந்து சேர்ந்த ஏரி உறைந்து கிடக்கிறது. நம்பினவரைக் காட்டிக்கொடுத்த துரோகிகள் அதில் புதைந்திருக்கிறார்கள். ஒரே குழியில் இருவர். ஒருவர் மற்றவரின் பிடரியைக் கடித்துத் தின்கிறார். தின்பவர் பீசா நகரத்துப் பிரபு உகோலீனோ. தின்னப்படுபவர் அந்நகரத்துப் பேராயர் ருஜ்ஜியேரி. 1288-இல் பேராயரின் கட்சியார் உகோலீனோவைப் பிள்ளைகளோடு ஒரு கோபுரத்தில் அடைத்தனர். வரலாற்றின்படி இருவர் மகன்கள், இருவர் பேரர்கள். கவிஞர் நால்வரையும் இளம்பிள்ளைகளாகவே பாடுகிறார். மறு ஆண்டு கோபுரத்தின் கதவு ஒருநாள் நிரந்தரமாக அடைக்கப்பட்டது. கீழே கதவை அறையும் ஓசை கேட்கிறது. தந்தை பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கிறார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளம் கல்லாகிவிட்டது, அவர் அழவில்லை. பிள்ளைகள் அழுகிறார்கள். சிறியவன், அப்பா ஏன் இப்படிப் பார்க்கிறீர்கள் என்று கேட்கிறான். அப்போதும் அவர் விடை சொல்லவில்லை. அன்று பகல் முழுவதும் இல்லை, இரவும் இல்லை. துயரத்தால் அவர் தம் கைகளைக் கடித்தபோது, பசியால் கடிக்கிறார் என்றெண்ணி, நீங்கள் தந்த உடல்தானே, எங்களை உண்ணுங்கள் என்று பிள்ளைகள் எழுந்து நிற்கிறார்கள். ஒருவர்பின் ஒருவராக நால்வரும் அவர் கண்முன் விழுந்து இறக்கிறார்கள்.

இந்தக் காண்டத்தைப் பல முறை படித்திருக்கிறேன். பிள்ளைகளை இழந்த தந்தைக்காக நெஞ்சு வெடிக்கிறது. ஆனால் பசியைவிட என்னை அச்சுறுத்துவது அந்த மௌனம்தான். இருட்டில், தந்தையின் ஒரு சொல்லுக்காக நான்கு பிள்ளைகள் காத்திருந்தார்கள். சேர்ந்து அழுவதற்கேனும் அவரிடம் ஈரமில்லை. அந்த இறுக்கத்தோடேதான் பனிக்குள்ளும் புதைந்திருக்கிறார்; கதையை முடித்ததும் மறுபடியும் பேராயரின் மண்டையில் பல்லைப் பதிக்கிறார்.

அடுத்துக் கிடப்போர் மல்லாந்திருக்கின்றனர். முதலில் வந்த கண்ணீர் கண்குழியிலேயே உறைந்து கண்ணாடிபோல் மூடிக்கொள்ள, பின்னால் வரும் கண்ணீர் வெளியேற வழியின்றி உள்நோக்கித் திரும்பி வேதனையைப் பெருக்குகிறது. அழவே முடியாத அழுகை! அல்பெரிகோ என்னும் துறவி, உறவினரை விருந்துக்கு அழைத்துப் பழங்கள் கொண்டுவரச் சொல்வதையே அடையாளமாக்கி அவர்களைக் கொல்வித்தவர், கண்ணின் பனியைச் சற்றே பெயர்த்துவிடும்படி கெஞ்சுகிறார். தாந்தே சரியென்று வாக்களித்துக் கதையைக் கேட்டுக்கொள்கிறார். கேட்டபின் பனியைத் தொடாமலே நகர்கிறார். அவனிடம் முரடாக நடப்பதே மரியாதை என்கிறார். உரையாசிரியர்கள் இதற்கு எத்தனையோ சமாதானம் சொல்கிறார்கள். இறைத்தீர்ப்போடு யாத்திரிகரின் சித்தம் ஒன்றிவிட்டதாம். எனக்கோ, துரோகிகளின் நாட்டில் அவரும் ஒரு வாக்கை முறித்துவிட்டார் என்றே படுகிறது. அந்தக் குளிர் அவர்மீதும் சற்றுப் பட்டிருக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் நடுவே, மார்பளவு பனியில் புதைந்து லூசிபேர் நிற்கிறான். மூன்று முகங்கள், மூன்று வாய்களிலும் யூதாசும், சீசரைக் கொன்ற புரூட்டசும் காசியசும். அவனுடைய ஆறு சிறகுகள் வீசும் காற்றே அந்தப் பனியை உறையவைக்கிறது. அவனும் ஆறு கண்களாலும் அழுகிறான். மூன்று மோவாய்களிலும் கண்ணீர் வழிகிறது. தப்பியெழத்தான் சிறகடிக்கிறான் போலும். அடிக்க அடிக்கப் பனி இன்னும் இறுகுகிறது.

தாந்தே இறந்து ஒரு தலைமுறை கழிந்து, பிளாரன்சின் சாந்தா மரியா நொவெல்லா ஆலயத்தில் நார்தோ தி சியோனே என்பவர் இந்த நரகத்தைத் தளம் தளமாகச் சுவர் முழுதும் தீட்டினார். 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் போத்திச்செல்லி ஒவ்வொரு காண்டத்துக்கும் தோலில் படம் வரைந்தார்; ஒரே படத்துக்குள் தாந்தேயும் வர்ஜிலும் மீண்டும் மீண்டும் தோன்றி நடந்துகொண்டேயிருப்பர். இப்படங்கள் இன்று பெர்லினிலும் வத்திக்கானிலும் பிரிந்து கிடக்கின்றன. வட்டங்களையும் பிசாசுகளையும் அவ்வோவியர்கள் அழகாகக் கணக்கிட்டார்கள். உகோலீனோவின் மௌனத்தை யாரால் தீட்ட முடியும்? சுவரில் நாம் நரகத்தை வெளியிலிருந்து பார்க்கிறோம். பாட்டில் நடந்து செல்லவேண்டியிருக்கிறது.

வர்ஜில் தாந்தேயைச் சுமந்துகொண்டு லூசிபேரின் உரோமத்தையே பற்றி இறங்குகிறார். உலகின் நடுப்புள்ளியைக் கடந்ததும் இறக்கம் ஏற்றமாகிவிடுகிறது. பாறையை அரித்து வரும் ஒரு சிற்றோடையின் வழியே ஏறி, உயிர்ப்பு ஞாயிறு விடியுமுன் இருவரும் வெளியே வந்து விண்மீன்களைக் காண்கிறார்கள். உத்தரிக்கிற மலையின் அடிவாரம் அது. அங்கே வர்ஜில் முதலில் செய்வது என்ன? புல்லில் இரு கைகளையும் விரித்துப் பனித்துளியில் நனைக்கிறார். தாந்தே கண்ணீர்க்கறை படிந்த கன்னங்களை நீட்டுகிறார். தாய் பிள்ளையின் முகத்தைக் கழுவுவதுபோல் அவர் கழுவிவிட, நரகம் மறைத்திருந்த நிறம் மீண்டும் தெரிகிறது. கீழே கண்ணை அடைத்த பனிக்கட்டியும் நீரே; இங்கே முகத்தைத் துலக்கும் பனித்துளியும் நீரே.

அம்மலையின் சாரலில்தான் குவிதோவின் மகன் புவோன்கோந்தே வருகிறார். 1289-ஆம் ஆண்டு ஜூன் 11-ஆம் நாள், கம்பால்தீனோ போரில் மாண்ட வீரர் அவர். அதே போரில் தாந்தேயும் பிளாரன்சுப் படையில் இருந்தார் என்பர், புவோன்கோந்தே எதிர்ப்படை. போர் முடிந்தபின் அவருடைய உடலைக் காணவில்லை. என்ன ஆயிற்று என்று தாந்தே கேட்கிறார்.

தொண்டையில் காயத்தோடு, நிலமெல்லாம் குருதி சிந்த, கால்நடையாக ஓடினேன் என்கிறார் புவோன்கோந்தே. அர்க்கியானோ ஓடை ஆர்னோ ஆற்றில் கலக்கும் இடத்தில் பார்வை போயிற்று. பேச்சும் மரியாயின் பெயரோடு நின்றுபோயிற்று. அங்கே விழுந்தார். குருவானவர் இல்லை, சாட்சி இல்லை. தேவதூதர் வந்து ஆன்மாவை எடுத்துக்கொண்டார். நரகத்தின் தூதனோ கூச்சலிடுகிறான்: ஒரேயொரு சிறு கண்ணீர்த்துளிக்காகவா இவனை என்னிடமிருந்து பறிக்கிறாய்? தகப்பனிடத்தில் தர்க்கம் பேசி வென்றவர்கள், மகனிடத்தில் ஒரு துளி நீரிடம் தோற்றுவிட்டார்கள். ஆத்திரம் தீர, உடலையாவது அலைக்கழிப்பேன் என்று மேகத்தைத் திரட்டி மழையைப் பொழிவிக்கிறான். பெருகிய ஓடை விறைத்த உடலை ஆர்னோவுக்குள் தள்ளுகிறது. சாகும்போது அவர் மார்பின்மேல் சிலுவையாக மடித்திருந்த கைகளை வெள்ளம் பிரித்துவிடுகிறது. ஆற்றின் கரையிலும் அடியிலும் புரட்டி, மண்ணால் மூடிவிடுகிறது.

அத்தாய்க்கு இந்தப் பகுதியை அப்படியே எடுத்து எழுதி அனுப்பியிருக்கிறேன். இது விசுவாசப் பிரமாணமன்று, ஒரு கவிஞரின் பாட்டு என்றும் குறிப்பிட்டேன். உத்தம மனஸ்தாபத்தைப் பற்றி ஞானோபதேசத்தில் நாம் படித்தது இதையேதான் என்றும் சேர்த்தேன். மகனின் பெயரையும் அவர் எழுதியிருக்கிறார். அது இப்போது என் செபப் புத்தகத்தில் இருக்கிறது.

புவோன்கோந்தேக்கு ஒரே ஒரு குறைதான் உண்டு. மனைவி ஜியோவன்னாவோ மற்றவர்களோ தம்மை நினைப்பதில்லையாம். அதனால்தான் இந்தக் கூட்டத்தினிடையே தலை கவிழ்ந்து நடக்கிறேன் என்கிறார்.